ஆறடி விசிறியும் நாற்பதடிக் கம்பமும்: மட்டக்களப்பு, அம்பாறை வளவுகளுக்கு ஒரு சிறு காற்றாலை

கரண்ட் பில்லைக் குறைக்கத்தான் காற்றாலை செய்யப் போகிறீர்கள் என்றால், அந்தக் காசுக்குச் சோலார் பலகை வாங்குங்கள். 400 வாட் பலகை ஒன்று நம் ஊர் வெயிலில் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒன்றரை யுனிட் தரும். இங்கே நான் சொல்லப்போகும் ஆறடி விட்டமுள்ள காற்றாலை, சராசரியாக செக்கனுக்கு 4 மீற்றர் காற்று வீசும் இடத்தில் நாளொன்றுக்கு அரை யுனிட்டுக்குச் சற்று மேல் தரும். சராசரி 3 மீற்றராக இறங்கினால் கால் யுனிட்தான்.

பிறகு எதற்கு இந்த வேலை? மார்கழி, தையில் மழை மூடிக்கொண்டால் சோலார் பலகை நாள்கணக்காகச் சோர்ந்து கிடக்கும். கடல் பக்கமிருந்து வாடை இரவு பகலாக வீசுவதும் அதே நாட்களில்தான். பற்றரி இறங்கிக் கிடக்கும் அந்த வாரங்களில் காற்றாலை தரும் அரை யுனிட் ஐந்தாறு எல்ஈடி விளக்குகளுக்கும், போன் சார்ஜுக்கும், ரவுட்டருக்கும், இரவில் ஒரு சிறிய டீசி விசிறிக்கும் போதும். வாவிக்கு மேற்கே படுவான்கரையில் யானைக்குப் பயந்து விடியும்வரை லைட் எரிக்கும் வயல்வட்டைக் காவற்குடில்கள், லைன் வராத கரைவலை வாடிகள் ஆகியவற்றுக்கும் இது பொருந்தும். சோலார் இருக்கும் வீட்டில் அதற்குத் துணையாக வைப்பதுதான் சரியான இடம்.

இதைச் செய்து முடிக்க ஒரு ஓடாவி (தச்சர்), ஒரு வெல்டிங் கடை, ஒரு லேத் பட்டறை ஆகிய மூன்றின் துணை வேண்டும். மின்சாரத்தில் மல்டிமீற்றர் பிடித்துப் பழகியவராக நீங்கள் இருக்க வேண்டும்.

காற்றைப் பார்ப்பது

நம் கரையில் காற்று வருடம் முழுவதும் ஒரே மாதிரி இல்லை. மார்கழியிலிருந்து மாசி வரை வடகீழ் வாடை. வைகாசி கடைசியிலிருந்து ஆவணி வரை மலைநாட்டைத் தாண்டி இறங்கி, காய்ந்து சூடாகி வரும் கச்சான் காற்று. பங்குனி, சித்திரையிலும் ஐப்பசியிலும் பெரிதாக ஒன்றும் இல்லை; பின்னேரக் கடற்காற்று மட்டும். ஆகவே கல்லடியிலோ திருக்கோவிலிலோ கடலோரம் இருப்பவருக்கு வாடை கைகொடுக்கும். வவுணதீவு, வெல்லாவெளிப் பக்கம் திறந்த வயல்வெளியில் இருப்பவருக்குக் கச்சானும் சேர்ந்து கிடைக்கும். மன்னாரில் 30 பெரிய காற்றாலைகளை நிறுத்தி 103.5 மெகாவாட் எடுக்கிறார்களே என்று ஒப்பிட வேண்டாம். அந்தக் காற்று வேறு, அந்த உயரம் வேறு.

கருவி வாங்காமலே ஓரளவுக்கு அளக்கலாம். நீளமான மூங்கிலில் மெல்லிய துணிக்கொடி ஒன்றைக் கட்டி, காற்றாலை நிற்கப்போகும் உயரத்துக்கு நிறுத்துங்கள். கொடி விரிந்து பறந்து, இலைகளும் மெல்லிய குச்சிகளும் ஓயாமல் ஆடினால் செக்கனுக்கு மூன்றரை முதல் ஐந்தரை மீற்றர். மண் தூசியும் கடதாசியும் கிளம்பி, சிறு கிளைகள் அசைந்தால் ஐந்தரை முதல் எட்டு. ஒரு கொப்பியில் காலை, மத்தியானம், பின்னேரம், படுக்கப் போகுமுன் என்று குறித்து வாருங்கள். வாடைக் காலம் ஒன்றும் கச்சான் காலம் ஒன்றும் குறித்தால் போதும்; உங்கள் வளவு தகுமா தகாதா என்று அந்தக் கொப்பியே சொல்லிவிடும்.

கொடி ஒரு பக்கமாக நிற்காமல் சுழன்று சுழன்று படபடத்தால், காற்று இருந்தும் பயனில்லை. தென்னைகளும் கூரைகளும் காற்றை உடைத்துக் கலக்கிவிடுகின்றன. நூறு மீற்றருக்குள் இருக்கும் மிக உயரமான தடையைவிடப் பத்து மீற்றராவது மேலே விசிறி இருக்க வேண்டும் என்பது பொது விதி. தென்னந்தோட்டத்துக்கு நடுவில் வீடு என்றால் அந்த விதியை நிறைவேற்ற முடியாது; விட்டுவிடுங்கள். கூரைமேல் பூட்டலாமா என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில்: வேண்டாம். அங்கே காற்று மோசம், அதிர்வு சுவர் வழியாக இறங்கும், இரவில் நித்திரை வராது.

ஏன் ஆறடி, ஏன் 24 வோல்ட்

காற்றின் வேகம் இரட்டித்தால் அதிலுள்ள சக்தி எட்டு மடங்காகும். 1.8 மீற்றர் விட்டமுள்ள விசிறி, வீட்டுத் தயாரிப்புக்கு நியாயமான 25 சதவீதத் திறனில், 4 மீற்றர் காற்றில் 24 வாட் அளவும், 6 மீற்றரில் 80 வாட்டும், 8 மீற்றரில் 190 வாட்டும் தரும். எந்த விசிறியாலும் காற்றின் சக்தியில் 59.3 சதவீதத்துக்கு மேல் எடுக்க முடியாது என்று ஜேர்மன் விஞ்ஞானி ஆல்பர்ட் பெட்ஸ் கணக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார். அதைவிடக் கூட வரும் என்று யாராவது வீடியோவில் சொன்னால் அத்தோடு மூடிவிடலாம்.

இந்தக் கணக்கைக் கூர்ந்து பார்த்தால் ஒன்று விளங்கும். 4 மீற்றரிலிருந்து 6 மீற்றருக்குப் போனால் மூன்று மடங்குக்கு மேல் கிடைக்கிறது. விசிறியைப் பெரிதாக்கி அந்த மூன்று மடங்கை எடுக்க வேண்டுமென்றால் விட்டம் பத்தடிக்கு மேல் போக வேண்டும். அதனால் கையிலிருக்கும் காசில் பெரும்பங்கைக் கம்பத்தில் போடுங்கள். விசிறி ஆறடியாகவே இருக்கட்டும். இரண்டு பேர் தூக்கிக் கையாளக்கூடிய அளவு அதுதான்.

24 வோல்ட் எதற்கென்றால், அதே வாட்டுக்கு 12 வோல்ட்டில் இரு மடங்கு அம்பியர் ஓடும், வயரில் சூடாக வீணாவது நான்கு மடங்காகும். கம்பத்திலிருந்து வீட்டுக்கு எழுபது எண்பது அடி வயர் இழுக்கிறவருக்கு இது பெரிய வித்தியாசம்.

இறக்கைகள்

பீவீசி குழாயை வெட்டி இறக்கை செய்வது சுலபம்தான். நம் வெயிலில் நாளடைவில் அது நொய்ந்துவிடும். 8 மீற்றர் காற்றில் இந்த விசிறியின் நுனி மணிக்கு 170 கிலோமீற்றருக்கு மேல் ஓடுகிறது. அந்த வேகத்தில் உடைந்து பறக்கும் துண்டு எங்கே விழும் என்று யாரும் சொல்ல முடியாது. மரம்தான் நல்லது. மரக்காலையில் மலைவேம்பு கேளுங்கள். சிங்களத்தில் லுணுமிதெல்ல என்பார்கள். இலேசானது, செதுக்க இணங்கும், பாரத்துக்கு ஏற்ற பலமும் உண்டு. முடிச்சு இல்லாத, நார் நேராக ஓடும், நன்றாகக் காய்ந்த பலகை மூன்று: ஒவ்வொன்றும் 90 சென்ரிமீற்றர் நீளம், 12.5 அகலம், 4 தடிப்பு. மூன்றும் ஒரே மரத்திலிருந்து வந்தால் பாரம் ஒத்துப்போகும்.

காற்று வரும் பக்கம் நின்று பார்க்கும்போது விசிறி வலஞ்சுழியாகச் சுற்ற வேண்டும். இறக்கையின் நுனியை மேலே பிடித்து அந்தப் பக்கமிருந்து பார்த்தால் வலது விளிம்பு முன்விளிம்பு. காற்றைக் கிழித்துக்கொண்டு முன்னே போவது அதுதான். பலகையின் முன்முகத்தில் அதைப் பென்சிலால் குறித்துவிடுங்கள். மூன்றையும் ஒரே திசையில் குறித்தீர்களா என்று இன்னொரு தடவை பாருங்கள்.

முதலில் அகலம். விசிறியின் நடுவிலிருந்து 30 சென்ரிமீற்றரில் 12 சென்ரிமீற்றர் அகலம், 45 இல் 10, 60 இல் 7.8, 75 இல் 6.2, நுனியில் 5.2. புள்ளிகளை இணைத்து, பின்விளிம்புப் பக்கத்தை அறுத்து எடுங்கள்.

அடுத்தது முறுக்கு. கோணமானி வேண்டாம், இறக்கத்தை மில்லிமீற்றரில் அளப்பது ஓடாவிக்குப் பழகிய வழி. முன்விளிம்பு பலகையின் முன்முகத்திலேயே இருக்கட்டும். பின்விளிம்பு மட்டும் அந்த முகத்திலிருந்து பின்னோக்கி இறங்க வேண்டும்: 30 சென்ரிமீற்றரில் 30 மில்லிமீற்றர், 45 இல் 15, 60 இல் 8, 75 இல் 4, நுனியில் 3. பக்கவாட்டில் இந்தப் புள்ளிகளைக் குறித்து, ஒவ்வோர் இடத்திலும் முன்விளிம்பிலிருந்து பின்விளிம்புக்குக் குறுக்கே ரம்பத்தால் வெட்டு வைத்து, இடையிலுள்ள மரத்தை உளியால் சிலாம்பு சிலாம்பாக எடுத்து, சீவுளியால் சமப்படுத்துங்கள். இரும்பு அடிமட்டத்தைக் குறுக்கே வைத்தால் வெளிச்சம் தெரியாத அளவுக்கு முகம் தட்டையாக வர வேண்டும்.

பிறகு திருப்பிப் போட்டு முதுகைச் செதுக்குங்கள். தடிப்பு 30 சென்ரிமீற்றரில் 25 மில்லிமீற்றர், 45 இல் 13, 60 இல் 10, 75 இல் 8, நுனியில் 6 முதல் 7. மிகத் தடித்த இடம் முன்விளிம்பிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் வரட்டும். அங்கிருந்து முன்விளிம்பு உருண்டு முடிய வேண்டும், பின்விளிம்பு கத்திபோல மெலிய வேண்டும், ஒரு மில்லிமீற்றருக்கு மேல் தடிப்பு வேண்டாம். பின்விளிம்பு மழுங்கலாக இருந்தால் விசிறி ஹோவென்று இரையும். பக்கத்து வீட்டுக்காரர் முதலில் முறைப்பாடு சொல்வது அதைப் பற்றித்தான்.

அடிப்பக்கங்களை நடுவில் 120 பாகையில் பொருந்த வெட்டி, 12 மில்லிமீற்றர் மரைன் பிளைவுட் வட்டங்கள் இரண்டுக்கு இடையில் வைத்துப் பிசினும் ஸ்குரூவும் போட்டு இறுக்குங்கள். ஆளி எண்ணெய் அல்லது வள்ளத்துக்கு அடிக்கும் பெயின்ட் மூன்று பூச்சு. முன்விளிம்பின் வெளி அரைப் பகுதிக்கு மெல்லிய ஃபைபர் துணி ஒட்டினால் மழைத்துளியும் மணலும் அரிக்காது. கடைசியில், விசிறியின் நடுவைக் கூரான ஆணியின் மேல் கிடையாக வைத்துப் பாருங்கள். சாயும் பக்கத்துக்கு எதிர்ப்புறம் ஈயத்துண்டை வட்டத்தில் பூட்டி, எந்தப் பக்கமும் சாயாத வரை சரிபாருங்கள். இதில் பொறுமை வேண்டும். சமன் தவறிய விசிறி பெயாரிங்கையும் கம்பத்தையும் சேர்த்தே தின்றுவிடும்.

மின்பிறப்பாக்கி

பழைய கார் டைனமோ, ஒல்டர்னேற்றர் வேண்டாம். அது கரண்ட் தர நிமிடத்துக்கு ஆயிரம் சுற்றுக்கு மேல் கேட்கும். நம் விசிறி 200 முதல் 500 சுற்றுக்குள்தான் ஓடும். பற்சக்கரம் போட்டு வேகம் கூட்டினால், கிடைக்கும் கொஞ்சத்தில் ஒரு பங்கு அங்கேயே போய்விடும். பழைய மின்சாரச் சைக்கிளின் சக்கர மோட்டார் கிடைத்தால் அது நல்ல குறுக்குவழி: நிரந்தரக் காந்தம், மூன்று வயர், மெதுவான சுற்றிலேயே வோல்ட் வரும். அளவு காணாது என்றால் விசிறியை நாலடிக்குக் குறைத்துவிடுங்கள்.

ஆறடிக்குத் தகுந்தது இரண்டு காந்தத் தட்டுகளுக்கு நடுவே செப்புச் சுருள்கள் நிற்கும் வகை. ஸ்கொட்லாந்தின் ஸ்கோரெய்க் என்ற, மின்கம்பி போகாத குடாநாட்டில் குடியேறிய ஹியூ பிகொட் என்பவர் வீட்டுப் பட்டறைக்கு ஏற்றபடி இதைச் சீராக்கி உலகமெங்கும் கற்றுக்கொடுத்தார். இரும்பு நடுவில் இல்லாததால் மெல்லிய காற்றிலும் தடையின்றிச் சுற்றும்.

தேவையானவை: 250 மில்லிமீற்றர் விட்டம், 8 மில்லிமீற்றர் தடிப்புள்ள இரும்புத் தட்டு இரண்டு, 46 × 30 × 10 மில்லிமீற்றர் நியோடிமியம் காந்தம் 16, 18 கேஜ் எனாமல் செப்பு வயர் இரண்டு கிலோ, பின்சக்கரம் இழுக்காத சிறிய கார் ஒன்றின் பின் ஹப், அதன் அச்சோடு. ஹப் பழைய இரும்புக் கடையில் கிடைக்கும். காந்தம் மட்டும் இணையத்தில் வரவழைக்க வேண்டியிருக்கும்.

ஒரு தட்டுக்கு எட்டுக் காந்தம், விளிம்பை ஒட்டி, 45 பாகைக்கு ஒன்று, காந்தத்தின் நீளம் நடுவிலிருந்து விளிம்புக்கு ஓடும்படி. வடக்கு, தெற்கு என்று மாறி மாறி. பிளைவுட்டில் அச்சு வெட்டி வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாகத் தட்டின் மேல் சறுக்கி நகர்த்துங்கள். இரண்டாவது தட்டு முதல் தட்டுக்கு எதிர்முகமாக வரும்போது வடக்குக்கு நேரே தெற்கு இருக்க வேண்டும். இரண்டு தட்டிலும் பொருத்தத்துக்கு ஒரு அடையாளம் போட்டு வையுங்கள். இந்தக் காந்தம் விரலை நசுக்கும். சுத்தியல், சாவி எல்லாம் இரண்டு முழத்துக்கு அப்பால் இருக்கட்டும். இதயத்துக்கு பேஸ்மேக்கர் வைத்தவர்கள் பக்கத்தில் வரக் கூடாது.

சுருள்கள் ஆறு. 46 × 30 மில்லிமீற்றர் மரக்கட்டையை நடுவில் வைத்து, பக்கப் பலகை இரண்டுக்கு இடையே 12 மில்லிமீற்றர் அகலத்தில், வயரை இழுத்துப் பிடித்துச் சுற்றுங்கள். சுமார் 120 சுற்று. சுமார் என்று சொல்வதற்குக் காரணம், காந்தத்தின் பலம் வாங்குமிடத்துக்கு இடம் மாறும். ஆகவே ஒரு சுருளை மட்டும் முதலில் செய்யுங்கள். இரண்டு தட்டையும் முகத்துக்கு முகம் 16 மில்லிமீற்றர் இடைவெளியில் பூட்டி, லேத்தில் நிமிடத்துக்கு 200 சுற்று ஓடவிட்டு, சுருளை நடுவே அசையாமல் மரப்பிடியில் வையுங்கள். சுருளின் இரு முனைகளையும் சிறிய பிரிட்ஜ் டயோட்டுக்கும் கெப்பாசிற்றருக்கும் கொடுத்து டீசி வோல்ட்டைப் பாருங்கள். 6 வோல்ட் அளவு வந்தால் 120 சுற்று சரி. 5 தான் வருகிறதென்றால், டயோட்டில் விழும் 1.3 ஐயும் கூட்டி 6.3 என்று கொள்ளுங்கள்; வேண்டியது 7.3. 120 ஐ 7.3 ஆல் பெருக்கி 6.3 ஆல் பிரித்தால் 139. அதுதான் உங்கள் சுற்று எண்ணிக்கை. பேப்பரில் போட்ட கணக்கைவிட இந்த ஒரு சோதனை பெறுமதியானது.

மிச்சச் சுருள்களை ஒரே திசையில், ஒரே எண்ணிக்கையில் சுற்றி, வட்டமாக அடுக்குங்கள். 1 உம் 4 உம் தொடர், 2 உம் 5 உம் தொடர், 3 உம் 6 உம் தொடர். ஒன்றின் வெளிமுனை அடுத்ததன் உள்முனைக்கு. இப்படி வரும் மூன்று சோடிகளின் தொடக்க முனைகளையும் ஒன்றாக முடிச்சுப் போட்டுவிட்டால், மிஞ்சும் மூன்று முனைகளும் வெளியே வரும் மூன்று வயர். எனாமலைச் சுரண்டாமல் ஈயம் பிடிக்காது.

அடுத்தது ரெசின் வார்ப்பு. நம் கரையில் இதற்கு ஆள் தேட வேண்டியதில்லை. வாழைச்சேனையிலும் சாய்ந்தமருதிலும் ஃபைபர் வள்ளம் பழுதுபார்க்கிறவர்களுக்கு இந்த வேலை கைவந்தது; ரெசின், ஹார்ட்னர், ஃபைபர் துணி எல்லாம் அவர்கள் வாங்கும் கடையிலேயே இருக்கும். பிளைவுட்டில் 13 மில்லிமீற்றர் ஆழமான அச்சு, உள்ளே தரைக்குப் பூசும் மெழுகு. அடியில் ஒரு துணி, மேலே சுருள்கள், அதன்மேல் இன்னொரு துணி, பிறகு மூடியைப் போட்டு இறுக்க வேண்டும். ஹார்ட்னர் நூற்றுக்கு ஒன்றுக்கு மேல் போகாதீர்கள். மத்தியான வெயிலில் கலக்கினால் கோப்பையிலேயே புகைந்து கட்டியாகிவிடும். ஊற்றிய பிறகு சூடேறினால் வெடிப்பு விழும். விடியற்காலையில், சிறிது சிறிதாகக் கலக்கி ஊற்றி, குமிழ் வெளியேறும் வரை அச்சைக் கையால் தட்டிக்கொண்டே இருங்கள். காந்தத் தட்டுகளையும் இதே ரெசினால் மூடிவிடுங்கள். உப்புக்காற்று காந்தத்துக்குள் போனால் துரு பொங்கி, முகம் உப்பி, சுருளை உரசும்.

பொருத்தும்போது இரண்டாவது தட்டைக் கையால் பிடித்து இறக்கவே கூடாது. தட்டில் மூன்று மரைத்துளை போட்டு, நீண்ட போல்ட் மூன்றை மாற்றி மாற்றிக் கால் சுற்றாகத் திருப்பி மெதுவாக இறக்குங்கள். வார்ப்புக்கும் காந்தத்துக்கும் இடையே இரண்டு பக்கமும் ஒன்றரை மில்லிமீற்றர் காற்றிடம் இருக்க வேண்டும். கையால் செக்கனுக்கு ஒரு சுற்றுச் சுற்றி, மூன்று வயரையும் மூவழி ரெக்டிஃபயருக்கும் (ஏசியை டீசியாக்கும் டயோட் தொகுதி) கெப்பாசிற்றருக்கும் கொடுத்துப் பார்த்தால் 6 வோல்ட் அளவு காட்டும். மூன்று வயரையும் ஒன்றாகத் தொட்டுப் பிடித்துக்கொண்டு சுற்றினால் தேன்சாடிக்குள் கையை விட்டதுபோல இறுகும். எந்த இடத்திலும் இறுக்கம் விட்டு விட்டு வந்தால், ஒரு சுருள் தலைகீழாக இணைந்திருக்கிறது.

தலையும் வாலும்

வால் காற்றுக்கு நேரே விசிறியைத் திருப்புகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். கடுங்காற்றில் விசிறியைக் காற்றிலிருந்து ஒதுக்கிவிடுவது அதைவிட முக்கியமான வேலை. அதற்கு இரண்டு ஏற்பாடு. ஒன்று, விசிறியின் அச்சு கம்பத்தின் நடுவுக்கு நேரே இல்லாமல் 10 சென்ரிமீற்றர் பக்கமாக ஒதுங்கியிருக்க வேண்டும். காற்று கூடக் கூட விசிறி பக்கவாட்டில் திரும்பப் பார்க்கும். இரண்டு, வாலின் கீல் நிலைக்குத்தாக இல்லாமல் 20 பாகை சாய்ந்திருக்க வேண்டும். அப்போது விசிறி ஒதுங்கும்போது வால் தன் பாரத்தை மீறி மேலேறி மடங்கும். காற்று தணிந்ததும் தானாகச் சரிந்து பழைய இடத்துக்கு வரும். ஒரு குழாய்க்குள் இன்னொரு குழாய் செருகிய கீலே போதும், கிறீஸ் பூச மறக்க வேண்டாம். வால் தடி 90 சென்ரிமீற்றர், பலகை 60 × 40 சென்ரிமீற்றர் பிளைவுட். செக்கனுக்கு 9 அல்லது 10 மீற்றர் காற்றில் மடங்கத் தொடங்க வேண்டும். அதற்கு முன்பே மடங்கினால் பலகையின் பாரத்தைக் கூட்டுங்கள். மடங்கவே இல்லையென்றால் குறையுங்கள்.

தலை முழுவதும் கம்பத்தின் உச்சியில் குழாய்மேல் குழாயாகச் சும்மா உட்கார்ந்து சுற்றலாம். வயர் நடுவே தொங்கி இறங்கட்டும். முறுக்கு ஏறினால் கீழே பிளக்கைக் கழற்றி விடுவித்துவிடலாம். வருடத்துக்கு இரண்டொரு முறைக்கு மேல் தேவைப்படாது.

கம்பம்

இருபதடி நீளமுள்ள இரண்டு அங்குல ஜீஐ குழாய் இரண்டை உள்ளே ஒட்டுக்குழாய் வைத்து இணைத்தால் நாற்பதடி. அடியில் கீல், நான்கு திசையிலும் இழுகம்பி, இரண்டு மட்டத்தில். இழுகம்பி 5 அல்லது 6 மில்லிமீற்றர் கல்வனைஸ் கம்பிவடம். துணி காயப்போடும் கம்பி அல்ல. மேல் இழுகம்பி கட்டும் இடம் விசிறியின் நடுவிலிருந்து குறைந்தது நாலடி கீழே. நங்கூரங்கள் கம்பத்தின் அடியிலிருந்து இருபது, இருபத்திரண்டு அடி தள்ளி.

வாவிக்கும் கடலுக்கும் இடையிலுள்ள எழுவான்கரை மணலில் முளையடித்து இழுத்தால் மாரி மழையில் கழன்றுவரும். நாலடி ஆழக் குழி, உள்ளே குறுக்காகக் கொங்கிரீட் கட்டை, அதைச் சுற்றி இரும்புத் தண்டு மேலே வர வேண்டும். வயல் களியில் கட்டை சிறிதாக இருக்கலாம், ஆனால் வெள்ளம் நிற்கும் இடத்தைத் தவிருங்கள். மாடு கட்டவும் கொடி கட்டவும் யாரும் இழுகம்பியைத் தொடாதபடி வேலி போடுங்கள்.

நிறுத்துவதற்கு, அடியில் கம்பத்துக்குச் செங்குத்தாக இருபதடிக் குழாய் ஒன்றைப் பூட்டி, அதன் நுனியைக் கைவின்ச்சால் (கம்பிவடத்தைக் கையால் சுற்றி இழுக்கும் கருவி) இழுத்தால் கம்பம் எழும். லேண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தைக் கட்டி இழுப்போம் என்று பெடியன்கள் சொல்வார்கள். விடாதீர்கள். எங்காவது ஒரு இழுகம்பி சிக்கினால் கைவின்ச்சில் பாரம் உடனே தெரியும். எஞ்சினுக்குத் தெரியாது, கம்பம் வளைந்த பிறகுதான் ஓட்டுநருக்கு விளங்கும். பக்கவாட்டு இழுகம்பிகள் எழும்போதும் இறங்கும்போதும் ஒரே இறுக்கத்தில் இருக்க, அவற்றின் நங்கூரங்கள் அடிக்கீலோடு ஒரே நேர்கோட்டில், ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். முதல் தடவை தலையைப் பூட்டாமல் வெறுங்கம்பத்தை ஏற்றி இறக்கிப் பாருங்கள். கம்பம் விழக்கூடிய தூரத்துக்குள் ஆளும் இருக்கக் கூடாது, மின்சார சபையின் லைனும் இருக்கக் கூடாது.

சித்திரை, ஐப்பசி இடிமின்னலுக்குக் கம்பத்தையும் இழுகம்பிகளையும் செப்புக்கம்பியால் நிலத்தடிக் கோலோடு இணையுங்கள்.

கீழே இருக்கும் பெட்டி

கம்பத்திலிருந்து மூன்று வயர், 4 சதுர மில்லிமீற்றர். முதலில் வருவது பிறேக் சுவிட்ச்: மூன்று வயரையும் ஒன்றோடொன்று இணைத்துவிடும் 32 அம்பியர் சுவிட்ச். அதைப் போட்டால் விசிறி கிட்டத்தட்ட நின்றுவிடும். இதைப் பூட்டாமல் கம்பத்தை ஏற்றக் கூடாது. கடும்புயலில் ஓடிக்கொண்டிருக்கும்போது போட்டால் சுருள் எரியலாம், ஆகவே காற்று முற்றுமுன் போட வேண்டும்.

அடுத்தது மூவழி ரெக்டிஃபயர், 35 அம்பியருக்குக் குறையாமல், அலுமினியத் தகட்டில் பூட்டியது. அங்கிருந்து 30 அம்பியர் டீசி பியூஸ் வழியாகப் பற்றரி.

சோலார் கொன்ட்ரோலரில் காற்றாலையைப் பூட்டாதீர்கள். பற்றரி நிரம்பியதும் அது பலகையைக் கழற்றிவிடும். பலகைக்கு அதனால் கெடுதல் இல்லை. காற்றாலையைக் கழற்றினால் சுமையில்லாமல் விசிறி வெறிகொண்டு சுற்றும், வோல்ட் நூறைத் தாண்டும். காற்றாலைக்கு வேண்டியது மிஞ்சும் கரண்ட்டை வேறிடத்துக்குத் திருப்பும் கொன்ட்ரோலர். ஈயப் பற்றரி என்றால் 28.8 வோல்ட்டில் திருப்பத் தொடங்க வேண்டும். லித்தியம் பற்றரியின் உள்ளிருக்கும் காவல் சுற்று தானாக வெட்டிக்கொள்ளும் வகை. அதனால் மிஞ்சும் கரண்ட்டை எரித்துத் தீர்க்கும் திருப்பும் சுமை பற்றரிக்கு அப்பால் அல்ல, காற்றாலைப் பக்கமே பூட்டப்பட வேண்டும்.

திருப்பும் சுமைக்கு வீட்டுத் தண்ணி ஹீற்றரை மாட்டலாம் என்று பலர் நினைக்கிறார்கள். 230 வோல்ட்டுக்குச் செய்த 1000 வாட் ஹீற்றர் 28 வோல்ட்டில் வெறும் 15 வாட்தான் குடிக்கும். உங்களுக்கு வேண்டியது 400 வாட்டுக்குக் குறையாத சுமை, அதாவது 2 ஓம். நிக்ரோம் கம்பியில் செய்யலாம். கைக்கு எளிதானது லொறியின் 24 வோல்ட், 75 வாட் முகப்பு பல்புகள் ஆறு, சமாந்தரமாக, மூடாத இரும்புப் பெட்டியில். ஒரு பல்பு எரிந்து போனாலும் மிச்சம் தாங்கும். பழுதானது கண்ணுக்குத் தெரியும்.

பற்றரியிலிருந்து நேரே 24 வோல்ட் எல்ஈடி, டீசி விசிறி ஓட்டுவது இன்வெர்ட்டர் வழியாகப் போவதைவிடச் சிக்கனம். இன்வெர்ட்டர் வைத்தாலும் அதன் வெளியீட்டை வீட்டு வயரிங்கில் செருகக் கூடாது. லைன் போன நேரத்தில் உங்கள் கரண்ட் தெருக்கம்பிக்கு ஏறினால், கம்பத்தில் வேலை செய்யும் சபை ஊழியரின் உயிர் போகும். தனிப் பிளக், தனி வயர்.

ஓடத் தொடங்கிய பிறகு

மெல்லிய காற்றுள்ள காலை நேரத்தில் பிறேக் போட்டபடியே ஏற்றி, இழுகம்பிகளைச் சமமாக இறுக்கி, பிறகு பிறேக்கை விடுங்கள். விசிறி 220 சுற்றைத் தொடும்போது அம்பியர் மீற்றர் அசையத் தொடங்கும். கூர்ந்து கேளுங்கள். மெல்லிய சீறல் சரி. ஒரு சுற்றுக்கு ஒரு தட்டு என்று கேட்டால் சமன் தவறியிருக்கிறது. உரசல் கேட்டால் காந்தம் வார்ப்பில் படுகிறது. இரண்டுக்கும் உடனே பிறேக் போட்டு இறக்குங்கள்.

முதல் மாதத்தில் இழுகம்பி தளரும், நட்டுகள் தளரும். அதன்பின் பங்குனியில் ஒரு தடவையும் ஐப்பசியில் ஒரு தடவையும் இறக்கினால் போதும். இறக்கைப் பெயின்ட், பெயாரிங் கிறீஸ், வால் கீல், காந்தங்களின் ஓரத்தில் துருக்கறை, வயர் முறுக்கு, இவ்வளவையும் பாருங்கள். கடலிலிருந்து ஒரு கிலோமீற்றருக்குள் இருப்பவர்கள் எல்லா போல்ட்டையும் ஸ்டெயின்லெஸ் ஆக்கிவிடுவது நல்லது. முன்னதாகச் செலவழித்தால் பின்னால் கட்டர் போட்டு அறுக்க வேண்டியிராது.

கார்த்திகை வந்தால் வானொலியைக் கவனிக்க வேண்டும். 1978 நவம்பர் 23 அன்று மட்டக்களப்பைப் புரட்டிப்போட்ட சூறாவளியை நினைவில் வைத்திருப்பவர்கள் இன்னும் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். அந்த மாதிரிக் காற்றுக்கு வால் மடங்குவது போதாது. வளிமண்டலவியல் திணைக்களம் தாழமுக்கம் கிழக்குக் கரையை நெருங்குகிறது என்று அறிவித்ததும், மழை தொடங்குமுன் பிறேக் போட்டு, கம்பத்தைக் கிடத்தி, விசிறியைக் கழற்றி வீட்டுக்குள் வையுங்கள். மூன்று பேர் இருந்தால் ஒரு மணித்தியாலத்துக்குள் முடிகிற வேலை. அதனால் வின்ச்சும் அதன் கம்பிவடமும் எப்போதும் கைக்கெட்டும் இடத்தில், எண்ணெய் பூசி இருக்கட்டும். இரவல் கொடுத்தால் ஐப்பசிக்குள் திருப்பி வாங்கிவிடுங்கள்.